நிறுவனர் வரலாற்றுக்குக் கீழே

மாற்ற மாட்டேன், மாற்றவே மாட்டேன், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றபோதும் சகாய பிரியா மனசுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், விழுப்புரத்தில் ஏறியதிலிருந்து எத்தனையாவது தடவையோ... அறக்கட்டளைச் செயலாளர் அப்பாதுரை நேற்று போனில் போட்ட கத்தல் இன்னும் காதில் கிடந்தது. “யாரைக் கேட்டும்மா வெப்சைட்ட மாத்துன? ஐயா படத்தத் தூக்கிட்டு மொத வரில செயற்கைக்கால்னு போட்டு வச்சிக்கிற? நாளைக்கு நேர்ல வா.” வருகிறேன், வராமல் என்ன, ஒளிந்துகொள்ள நான் எதையும் திருடினேனா? திண்டிவனத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இலவசமாகச் செயற்கைக்கால் பொருத்துகிறார்கள், அதற்கு ஓர் இணையதளம், திறந்தால் நிறுவனர் சால்வையோடு சிரிப்பார், அப்புறம் நிறுவனர் வரலாறு, விருதுகள், வெள்ளிவிழாப் படங்கள், கடைசியில் சேவைகள், அதற்குள் மருத்துவம், அதற்கும் கீழே ஒரு மூலையில் செயற்கைக்கால்... அவ்வளவு தூரம் தட்டித் தட்டி உள்ளே போக யாருக்குப் பொறுமை இருக்கும்? மனிதர்களை விடு, கூகுளுக்கே வழியில்லை, மெனு முழுக்க அசையும் படமாக இருந்தது, படத்துக்குள் இருக்கும் எழுத்தை அது படிக்காது, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக அதற்கு எழுத்தில் இணைப்பு வேண்டும், வாசலே வைக்காத அறை இருப்பது யாருக்குத் தெரியும்...

கூட்டேரிப்பட்டில் இரண்டு பேர் இறங்கினார்கள். அப்பா படியிறங்குகிற விதம் நினைவுக்கு வந்தது, ஊன்றுகோலை முதலில் கீழே வைத்து, அப்புறம் உடம்பை... மரியஅந்தோணி, லாரி ஏறி வலது முழங்காலுக்குக் கீழே போனபோது ஐம்பத்திரண்டு வயது. ரயிலடிப் பக்கம் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற மகள், அவள் தேடாத தேடலா? சென்னை வந்தது, கோயம்புத்தூர் வந்தது, நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற திண்டிவனம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆறு வருஷம். இந்தத் தை மாதம் தளத்தைப் பராமரிக்கும் வேலை அவளுக்கே வந்தது, பக்கம் பக்கமாகத் திறந்துகொண்டு போனவள் அந்த மூலையில் அதைக் கண்டாள், கண்டதும் வந்தது சந்தோஷமா ஆத்திரமா? மறுநாளே அப்பாவை அழைத்துப் போனாள். கால் செய்கிற தாண்டவராயன் முழங்காலை அமுக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நிமிரவில்லை. “ரொம்ப வருசம் மடக்கியே வச்சிக்கினு இருந்துட்டாரும்மா. மொதல்லயே வந்திருந்தா நடக்க வச்சிருப்பேன்.” அப்பா அதற்குச் சிரித்தாரே, “இங்க இருக்கறது எங்களுக்குத் தெரியாதுங்களே” என்றாரே, அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே அசையும் படத்தைத் தூக்கினாள். எழுத்தில் போட்டாள், முதலில் செயற்கைக்கால், அடுத்து எப்படி வருவது, அடுத்து போன் நம்பர், எல்லாப் பக்கத்திலிருந்தும் அங்கே ஓர் இணைப்பு, நிறுவனர் கடைசியில். கேட்டிருந்தால் குழு கூடும், டீ குடிக்கும், அடுத்த மாசம் பார்க்கலாம் என்னும், அதற்குள் இன்னும் எத்தனை முழங்கால் மடங்கிப்போகும்?

திண்டிவனம் அலுவலகத்தில் அப்பாதுரை அவளை உட்காரச் சொல்லவில்லை. “பழையபடி மாத்திடு. ஐயாவ கடைசில போட்டா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?”

“மாத்த மாட்டேங்க சார்.”

“அப்ப வேற ஆள வச்சிக்குவோம்.”

“வச்சிக்குங்க. வெளில ஹால்ல ஒக்காந்துகினு இருக்கறவங்கள, எப்பிடி வந்தீங்கன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வச்சிக்குங்க.”

கோபத்தோடுதான் எழுந்து ஹாலுக்குப் போய்க் கேட்டார். பெஞ்சில் மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த மாயவன், படகு இன்ஜினின் விசிறி வெட்டிய கால், துணி சுற்றிய முனை இன்னும் புதுசு, பக்கத்தில் மகள் அம்பிகா. “பொண்ணு போன்ல பாத்துதாங்க வந்தோம்” என்றார் மாயவன். அப்பாதுரை நின்றார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். “சரி, ஐயாகிட்ட பேசறேன். ரெண்டாவதாவது போடும்மா.” “கடைசிலதாங்க சார்.” அவர் உள்ளே போனார், வேலை இருக்கிறதா போய்விட்டதா தெரியவில்லை, தெரியாவிட்டால் போகட்டும், ஜெயித்தாயிற்று... அந்தப் பெருமையில்தான் அம்பிகாவிடம் கேட்டாள், செயற்கைக்கால் என்று தட்டினதும் வந்துவிட்டதா என்று.

“அப்பிடி ஒரு பேரு இருக்கறதே தெரியாதுக்கா. கட்டக்காலு எங்க வப்பாங்கன்னு போட்டேன், வரல. காலு போனவங்க கடலுக்குப் போலாமான்னு போட்டேன். பத்து நாளு என்னென்னமோ போட்டுப் பாத்தேன். அப்பறம் ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருந்தத அப்பிடியே பாத்துத் தட்டுனேன்.”

பத்து நாள். சீட்டில் எழுதாமல் விட்டிருந்தால்? ஐயாவின் பெயரை அப்பாதுரை முதலில் வைத்தார், நான் டாக்டரின் வார்த்தையை வைத்தேன், இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? சகாய பிரியா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “மொதல்ல என்ன போட்ட, ஒன்னொன்னா சொல்லு” என்றாள். அந்தப் பெண் விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினாள்... கடலுக்குப் போகலாமா என்று கேட்கிறவளுக்கு மெனுவில் எந்த வரி?