பிரேக்கில் கால் வைக்காதவர்

அலுவலகத்தில் அவருக்கு ‘விளக்கம்’ என்று பட்டப்பெயர். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டவனுக்கு, குழாய் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்புகிற ஆள். ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய பிறகாவது, கிளட்ச் மிதிக்க வேண்டாத இடது காலைப்போல வாயும் சும்மா இருக்கும் என்று அவர் மனைவி நம்பினாள். பாவம். வாங்கிய வாரமே காரோடு வந்த கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டு, லீவரை எந்நேரமும் ‘டி’யிலேயே வைத்து ஓட்டுவது சோம்பேறிகள் வேலை என்று அவர் கண்டுபிடித்துவிட்டார்.

இறக்கத்தில் லீவரை ‘டி’யிலிருந்து ‘இரண்டு’, ‘எல்’ என்கிற குறைந்த கியருக்கு இழுத்தால், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் சூடாகாது. உண்மைதான், மலையில் ஓட்டுகிற எல்லாரும் செய்வதுதான். ஆனால் இவருக்கு அது தலைக்கேறிவிட்டது. பிரேக்கில் கால் வைப்பதே மானக்கேடு. ஊருக்குள் மேம்பாலம் இறங்கும்போதுகூட வண்டி ஊளையிடும், பின்னால் வருகிறவர்கள் ஹாரனாலேயே திட்டுவார்கள், இவர் “பாத்தியா, கால் வைக்கல” என்று பீற்றிக்கொள்வார். மனைவிக்குக் காதில் ரத்தம் வராத குறை.

இன்று ஒருநாள் மட்டும் இந்த மனிதர் வாயை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை. மகள் ஒரு பையனை விரும்பினாள். பையனின் அப்பா மருந்துக்கடை வைத்திருப்பவர். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “பெத்தவங்க நாம நாலு பேரும் எங்கயாவது சேந்து போயிட்டு வருவோம். அப்புறம் சொல்றேன்” என்றார். அதற்காகத்தான் இரண்டு காரில் இந்த மலைப் பயணம்.

மேலே ஓட்டலில் சாப்பாடு நல்லபடியாகவே நடந்தது. பையனின் அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஆனால் மருந்துக்கடைக்காரர் வாயிலிருந்து ‘சார், சார்’ என்று வந்ததே ஒழிய, ‘சம்பந்தி’ என்று வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக இவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவரோ டம்ளரை மலையாகவும் கரண்டியைக் காராகவும் வைத்து, என்ஜின் வண்டியை எப்படிப் பிடிக்கிறது என்று நடத்திக்காட்டிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மருந்துக்கடைக்காரர் தயங்கினார்.

“சார், எனக்கு மலை இறங்கிப் பழக்கமில்ல. எப்பவும் பையன்தான் ஓட்டுவான். நீங்க முன்னால போங்க. உங்க பிரேக் லைட் எரிஞ்சா நானும் பிரேக் போட்டுக்கறேன்.”

“தாராளமா! என் பின்னாடியே வாங்க. கண்ணை மூடிட்டு வரலாம்” என்றார் விளக்கம்.

முதல் வளைவு வந்தது. லீவர் ‘இரண்டு’க்குப் போனது, வண்டி முனகிக்கொண்டே வேகம் குறைந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் வந்த கார் முட்டுகிற மாதிரி நெருங்கி, கடைசி நேரத்தில் பிரேக் போட்டு முன்பக்கம் குனிந்து நின்று, மறுபடி வந்தது.

“என்னங்க, பிரேக்கைக் கொஞ்சம் மிதிங்க. அவர் உங்க லைட்டைப் பாத்துத்தானே வர்றாரு?”

“லைட்டா? கீழ போறவரைக்கும் அது ஒரு தடவைகூட எரியாது. பாத்துக்கிட்டே இரு.”

“எரியலன்னா அவருக்கு எப்படிங்க தெரியும்?”

“கத்துக்கட்டும். வண்டி ஓட்டறதுன்னா என்னன்னு இன்னிக்காவது தெரிஞ்சுக்கட்டும்.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த வளைவில் ஒரு லாரி மூச்சு வாங்கி நின்றுகொண்டிருந்தது. மனிதனாகப் பிறந்த எவனும் பிரேக்கை மிதித்திருப்பான். இவர் ‘எல்’லுக்கு இழுத்தார். என்ஜின் அலறியது, யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல வண்டி தளர்ந்தது. பின்னால் ஒரு விளக்கும் எரியவில்லை. டமாரென்று ஒரு சத்தம்.

யாருக்கும் அடியில்லை. இவர்கள் பம்பர் உள்ளே போயிருந்தது, அவர்கள் ஹெட்லைட் ஒன்று ரோட்டில் தூள்தூளாகக் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் இறங்கி ஓடிவந்தார்.

“லைட்டே எரியலையே சார்...”

ஒரு ‘மன்னிச்சுக்கங்க’ போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

“எரியாது சார். அதுதான் டெக்னிக்கே. இடைவெளி விட்டு வராதது உங்க தப்பு” என்றார் விளக்கம்.

மருந்துக்கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. பையனின் அம்மா இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மகளின் கல்யாணம் மலையிலிருந்து உருண்டுபோவது இவளுக்குத் தெரிந்தது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது.

“சாவியைக் குடுங்க.”

அவளும் ஊருக்குள் ஓட்டுகிறவள்தான். மலையில் மட்டும் இதுவரை ஸ்டியரிங் கைக்கு வந்ததில்லை.

“உனக்கு இறக்கத்துல எந்த கியர்னு...”

“தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். தினமும் அதைத்தானே கேக்கறேன். குடுங்க.” பிறகு பின்கார்ப் பக்கம் திரும்பி, “அண்ணா, தப்பு எங்களோடதுதான். மெதுவா வாங்க. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடியே லைட் காட்டறேன்” என்றாள்.

லீவரை ‘இரண்டு’க்குத் தள்ளினாள். வண்டியை என்ஜின் பிடித்துக்கொண்டது, அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வளைவு வருவதற்கு முன்பே பிரேக்கைப் பட்டும்படாமலும் தொட்டாள். பின்னால் விளக்கு எரிந்தது. பின்கார் பதறாமல் வந்தது. பக்கத்து இருக்கையில் விளக்கம் நெளிந்தார்.

“பிரேக் பேடு தேயுது.”

“தேயட்டும்.”

“அநாவசியமா...”

“உங்க பொண்ணைவிடப் பேடு பெருசா?”

விளக்கம் டாஷ்போர்டிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார்.

கீழே பெட்ரோல் பங்க்கில் இரண்டு காரும் நின்றன. மருந்துக்கடைக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக இவள் ஜன்னலுக்கு வந்தார்.

“உங்க லைட்டைப் பாத்துக்கிட்டே இறங்கிட்டேன். பயமே தெரியல. கல்யாணத்துக்கு நாள் பாத்துடலாம், சம்பந்தியம்மா.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், கணவர் குறுக்கே எட்டிப் பார்த்தார்.

“பாத்தீங்களா? எல்லாம் ரெண்டாம் கியர்! நான் அப்பவே சொன்னேன்ல?”

மருந்துக்கடைக்காரர் குனிந்து அவரைப் பார்த்தார்.

“உங்களுக்கும் சம்மதம்தானே, சார்?” என்றார்.