மலை இல்லாத வாக்குத்தத்தங்கள்

இந்தப் புது வருஷத்துக்கு வாக்குத்தத்த அட்டைகள் கொழும்பிலிருந்து வரவில்லை. அரிசி வந்தது, பருப்பு வந்தது, யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிய எழுபது நீச்சல் கண்ணாடி வந்தது. ஆண்டவருடைய வாக்கு மட்டும் வரவில்லை.

வருஷத்தின் முதல் ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு அட்டையைக் கண்ணை மூடி எடுப்போம். அதிலிருக்கும் வசனம்தான் அந்த வருஷம் பூராவும் நமக்கு. வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்பது வழக்கம். இந்த முறை சுவர் யாரிடமும் இல்லை என்பது வேறு விஷயம்.

போதகர் என்னைக் கூப்பிட்டு, உன் எழுத்து அச்சு மாதிரி இருக்கும், நீயே எழுதிவிடு ஜேசன் என்றார். கம்பஸ் சுவர்ப் பத்திரிகையில் விரிவுரையாளர்களைக் கிண்டல் பண்ணிப் பழகிய எழுத்து அது. அவருக்குத் தெரியாது.

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நவம்பர் மழைக்கு மலை இறங்கி இரண்டு லயத்து வீடுகளை மூடி ஐந்து வாரமாகிறது. மிஞ்சியவர்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். எனக்குப் படுக்கை நாலாம் வகுப்பு அறையில். அப்பா எப்போதோ போய்விட்டார், அம்மா குவைத்தில் வீட்டு வேலை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று தினமும் வொய்ஸ் அனுப்புவார். தூங்கினேன் என்று பதில் போடுவேன். உண்மையில் படுக்கும்போது சப்பாத்தைக் கழற்றுவதேயில்லை. தகரத்தில் நாலு துளி விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்த வகுப்பில் பத்தொன்பது பேர் படுக்கிறோம். முழிச்சிருக்கீங்களா என்று ஒருத்தரை ஒருத்தர் இதுவரை கேட்டதில்லை.

நிவாரணப் பெட்டிகளின் மட்டையை வெட்டித்தான் அட்டை செய்தேன். பின்பக்கம் சிலதில் மேலே பார்க்கும் அம்பு, சிலதில் உடையும் சாமானுக்குப் போடுகிற கிளாஸ் படம்.

முதல் அட்டையிலேயே மாட்டிக்கொண்டேன். மலைகள் விலகிப்போனாலும், குன்றுகள் பெயர்ந்தாலும், என் கிருபை உன்னை விட்டுப் போகாது என்கிற வசனம். எழுதி முடித்த பிறகுதான் யாருக்கு எழுதுகிறோம் என்று உறைத்தது. சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டுத் தணிக்கையை ஆரம்பித்தேன். மலை வருகிறதா, வெட்டு. கன்மலை, வெட்டு. வெள்ளம், வீடு, அஸ்திவாரம், வெட்டு. லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா நேசராணி அத்தையின் புருஷன் ஆட்டை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடியவர், வரவேயில்லை. ஆகவே ஆடு, மேய்ப்பன், புல்வெளி எல்லாம் வெட்டு. இவ்வளவையும் கழித்தால் ஆண்டவருக்குப் பேச அதிகம் மிஞ்சவில்லை. நாற்பத்து மூன்று அட்டையில் முப்பதில் "பயப்படாதே" என்றே எழுதினேன்.

ஆராதனைக்கு வருகிறவர்கள் என்னை விட்டு நாற்பத்து மூன்று பேர். அத்தை அதில் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் வந்ததில்லை. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பும் காலுமாக, வாசல்படியில்தான் எந்நேரமும் இருப்பார்.

முதலாம் திகதி காலை, அஞ்சாம் வகுப்பில் ஆராதனை. அட்டைகளோடு பிஸ்கட் டின் சுற்றி வந்தது. பக்கத்துப் பக்கத்து ஆளுக்கு ஒரே வசனம் வந்ததை, ஆண்டவர் அழுத்திச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். டின் என்னிடம் திரும்பி வந்தபோது அத்தை எதிரே நின்றார், கையில் அதே பை.

கண்ணை மூடி டின்னுக்குள் கையை விட்டார். கை அடியில் ஒரு சுற்றுச் சுற்றியது. எல்லாரும் தங்கள் அட்டையைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"எனக்கு இல்லையாடா ஜேசா?"

என் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி மண்ணுக்குள்ள போயிருச்சு. நீயே படி."

பயப்படாதே என்று படித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தும் விட்டேன். ஆனால் ஐந்து வாரமாக அம்மாவுக்குத் தூங்கினேன், தூங்கினேன் என்று சொல்லி அந்த வாய்க்கே அலுத்துப்போயிருந்தது. எழுதியிருந்ததைப் படித்தேன்.

அத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"மலை விலகும்னா போட்டிருக்கு?"

"ஆமாங்க அத்தை."

"தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வந்து பயப்படாதீங்கன்னாரு. உங்க மாமாவும் பயப்படாதேன்னு சொல்லிட்டுத்தான் ஓடுனாரு. மலை வரும்னு ஒருத்தரும் சொல்லல. இவரு மட்டுந்தான்டா உள்ளதைச் சொல்லியிருக்காரு." அட்டையைத் திருப்பி, கிளாஸ் படத்தை விரலால் தடவினார். "உள்ளதைச் சொல்றவரு மத்ததையும் சும்மா சொல்லமாட்டாரு."

அட்டையை அடையாள அட்டையோடு வைத்துப் பையை முடிந்தார். வாசலுக்குப் போகவில்லை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. பயப்படாதே வாங்கிய முப்பது பேரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அந்தப் பையைத் தலைக்கு வைத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். லேசாகக் குறட்டை வேறு.

எனக்கென்று அட்டை கிடையாது. அத்தையின் வசனத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதற்குள் அம்மாவின் வொய்ஸ் வந்தது. தூங்கினியா ராசா. "இல்லம்மா. ஒரு நாளும் தூங்கல. பயமா இருக்கு" என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு, மழைக்குள்ளேயே, இடது கால் சப்பாத்தைக் கழற்றினேன்.

வலது காலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.