இன்னும் மூன்று பிள்ளைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. ‘பொதுப்பள்ளிகளை உருவாக்கும் சமூகக் காரணிகள்’ என்று கருத்தரங்குக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். வறுமை, போக்குவரத்து, பெற்றோர் மனநிலை என்று காரணிகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது, தலைமையாசிரியை ஒருவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டுரை எழுந்து போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘அந்தப் பள்ளிச் சுவர்களில் காலம் கசிந்து...’ (வேண்டாம். கசிந்தது கழிவறைக் குழாய்.)

இரண்டாவது: அரசுப் பள்ளியில் இருபத்தேழு பிள்ளைகள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பது ஆகாவிட்டால் மூடிவிடுவார்கள். அப்புறம் அந்த வாண்டுகள் நெடுஞ்சாலையைத் தாண்டித்தான் அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும்.

இது நிற்கிறது.

3

தலைமையாசிரியையும் இரண்டு ஆசிரியைகளும் வீடு வீடாகப் படியேறினார்கள். தையற்கடைக்காரி மெஷினை நிறுத்தாமலே பொதுக்கல்வியின் மேன்மைகளைக் கேட்டுக்கொண்டாள்.

“பெரியவ உங்ககிட்டதானே படிக்கிறா? சின்னவனையும் சேர்த்துடும்மா.”

“சேர்க்கலாம் டீச்சர். உங்க பொண்ணு எங்க படிக்கிறா?”

“அது... அவங்கப்பா பார்த்துச் சேர்த்தது.”

“கணக்கு டீச்சர் பையன்?”

“அவனுக்கு நீச்சல்னா உயிரு. அங்கதான் குளம் இருக்கு.”

“சின்ன டீச்சர் பாப்பா?”

சின்ன டீச்சர் துண்டறிக்கையை நான்காக மடித்தார்.

தையற்கடைக்காரி நூலைப் பல்லால் கடித்தாள். “மூணு குறையுதுன்னு ஊரெல்லாம் சுத்துறீங்க. உங்ககிட்டயே மூணு இருக்கே! சமைச்சவங்களே வாயில வைக்கலைன்னா, நாங்க எப்படி டீச்சர் தட்டை நீட்டுறது?”

(இங்கே ‘சமூக நம்பிக்கை’ என்ற காரணியைச் செருகப் பார்த்தேன். அவள் என்னையும் முறைத்தாள்.)

4

அன்று சாயங்காலம் தலைமையாசிரியை வீட்டில் பேச்சை எடுத்தார்.

“நம்ம பொண்ணை வச்சா பரிசோதனை பண்ணுவே?” என்றார் கணவர்.

“அப்போ அந்த இருபத்தேழை வச்சு நான் பண்றது என்னங்க?”

கணவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். (நான் எழுதிக்கொடுக்காத வசனம் அது. சொன்ன பிறகு தலைமையாசிரியையே திடுக்கிட்டுப்போனார்.)

5

முடிவு அ: மூவரும் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், மணி அடிக்கிறது, பின்னணியில் இசை. (சீச்சீ.)

முடிவு ஆ: பள்ளி மூடப்படுகிறது. தலைமையாசிரியைக்கு ‘சிறந்த கல்விச் சேவை’ கேடயம். (இது நிஜமாகிவிடும் போலிருக்கிறது, அடித்துவிட்டேன்.)

முடிவு இ: வெள்ளிக்கிழமை காலை. மேசையில் மூன்று சேர்க்கைப் படிவங்கள். “நாங்க கையெழுத்து போட்டுட்டோம் மேடம்” என்கிறார் சின்ன டீச்சர். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், நீச்சல்குளத்தை நினைத்து. மூன்றாவது படிவத்தில் மகளின் பெயர் எழுதியாகிவிட்டது. கையெழுத்து பாக்கி. தலைமையாசிரியை பேனாவைத் திறந்து...

இதற்கு மேல் என்னால் ஆகாது. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு விவரம்: உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?

என் பிள்ளையா? அது வந்து... வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. மன்னிக்கவும்.