சுருதி இறங்கிய பிறகு

உணவு விடுதியில் மாலை வேளைகளில் அக்கா கிட்டார் வாசிப்பாள், தங்கை பாடுவாள். அக்கா யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. கேட்டதைக் கை பிடித்துக்கொள்ளும். இசை இலக்கணம் என்று யாராவது பேச்செடுத்தால், "காது இருக்கு, விரல் இருக்கு. அப்புறம் என்ன?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து தங்கை வந்தபோது குரல் இறங்கியிருந்தது. ஒத்திகையில் முதல் பாட்டிலேயே மேல் சுரம் எட்டாமல் நின்றுவிட்டாள்.

"இன்னும் கீழ போக்கா."

அக்காவுக்குப் போகத் தெரியவில்லை. கிட்டார் கழுத்தில் மாட்டும் கவ்வி சுருதியை ஏற்றும், இறக்காது. கம்பிகளைத் தளர்த்திப் பார்த்தாள், தொளதொளவென்று அதிர்ந்தன. கூட வாசிக்கும் கீபோர்டுக்காரரோ சுருதியை இறக்கும் பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எதையும் எண்ணில் சொல்வதால் அவருக்குப் பெயரே 'கணக்கு'.

"பாட்டோட ஆதார சுரத்தை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டு, மத்ததை நாலு, அஞ்சுன்னு உறவா பாரும்மா," என்றார். "எந்த வீட்டுக்குக் குடி போனாலும் நீ அவளுக்கு அக்காதானே?"

"இந்த வயசுல பள்ளிக்கூடம் போகச் சொல்றீங்க."

"போகாட்டி அவ எப்படிப் பாடுவா?"

மறுநாள் முதல் அக்கா துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகில், பேருந்து நெரிசலில், கிடைத்த இடத்திலெல்லாம் சுரங்களை விரல்விட்டு எண்ணினாள். யோசிக்கத் தொடங்கியதும் பழகிய பாட்டே அந்நியமாகிக் கை தடுமாறியது. அழுகையாக வந்தது.

மறுபடி விடுதியில் பாடிய முதல் மாலை. பயத்தில் தங்கை ஒத்திகை பார்த்ததைவிடவும் கீழே பாட்டை எடுத்துவிட்டாள். கணக்கின் விரல் பொத்தானைத் தேடியது. அக்கா கண்ணை மூடினாள். தங்கை நிற்கும் சுரத்தைக் காது காட்டிக்கொடுத்தது. அங்கிருந்து நாலும் ஐந்தும் இருக்கும் இடம் இப்போது தெரிந்தது. இரண்டு இடத்தில் பிசகியது. தங்கை அதைக் கவனிக்காமல் கடைசி அடிவரை பாடினாள். மூலை மேசையில் ஒருவர் கைதட்டினார். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளையில் இருவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்தார்கள்.

"பழைய குரல் இனிமே வராதாம்கா. டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டார். உங்கிட்ட சொல்லத் தைரியம் வரல."

அக்கா விரல் நுனிகளை ஊதிக்கொண்டாள்.

"சரி, மாத்திக்கலாம்."

"எல்லாப் பாட்டையுமா?"

"வேற வழி? இப்ப கொஞ்ச நேரம் பேசாம இரு," என்று தங்கையின் தோளில் தலையைச் சாய்த்தாள்.