நான் சொன்னதாகச் சொல்லாதீங்க

இருபது வருடம் கோர்ட்டில் வாய் கிழியப் பேசிய என்னைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, ‘இனிமேல் பேசாதே, கேள்’ என்று கடலூர் சமரச மையத்தில் உட்கார வைத்தார்கள். 2011 ஆடியில் அந்தத் தண்டனை உச்சத்துக்குப் போனது.

ராஜமாணிக்கமும் அவர் மனைவியின் அண்ணன் கலியமூர்த்தியும் கீரப்பாளையத்துக்காரர்கள். மச்சான் வயலுக்குப் போகும் வழியை ராஜமாணிக்கம் வேலி போட்டு அடைத்தார். மச்சான் போட்ட கேஸில் சிதம்பரம் கோர்ட்டில் தோற்றார், அப்பீல் போட்டார். அப்பீல் கோர்ட் ‘பேசித் தீர்க்கப் பாருங்கள்’ என்று என் தலையில் கட்டிவிட்டது. ஆவணியில் ராஜமாணிக்கம் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் கைபிடித்து அழைத்துப் போகாமல் மணவறை ஏறமாட்டேன் என்கிறாள் அவள். கேஸ் முடியாமல் மண்டபப் படி மிதிக்கமாட்டேன் என்கிறார் தாய்மாமன்.

சேர்த்து உட்கார வைத்தால் இருவரும் என்னையே பார்த்தார்கள்.

“சார், அவுங்கள வேலியப் பிரிக்கச் சொல்லுங்க.”

“சார், அவுங்கள மொதல்ல மரியாதையா கேக்கச் சொல்லுங்க.”

நடுவில் நான், டெலிபோன் கம்பம் மாதிரி.

தனித்தனியாகக் கூப்பிட்டேன். அப்படித் தனியே சொன்னதை, சொன்னவர் சம்மதமில்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்பது சமரசத்தின் விதி.

ராஜமாணிக்கம் கதவைச் சாத்தினார். “வேலியப் பிரிச்சிடறேன் சார். பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியல. ஆனா நான் எறங்கி வந்தேன்னு மச்சானுக்குத் தெரியக் கூடாது. அவரு மொதல்ல வாயத் தொறக்கட்டும்.”

அடுத்து கலியமூர்த்தி. “வழியே வேணாம் சார், சுத்திக்கிட்டுப் போய்க்கிறேன். புள்ள கல்யாணத்துக்குப் போவணும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு.”

கெஞ்சினேன். “அவருக்கும் இந்தக் கஷ்டம் இருக்கலாம்ல?”

“இருந்தா சொல்லட்டுமே சார்!”

இருவரிடமும் அதே பதில். செம்மண்டலத்தில் என் வீட்டில் சோறு இறங்கவில்லை. என்ன கேஸ் என்று மனைவி கேட்டாள். சொல்லக் கூடாது என்றேன். அன்றிலிருந்து அவளும் பேசவில்லை.

கடைசித் தவணையும் வந்தது. ‘சமரசம் ஏற்படவில்லை’ என்று எழுத மனம் வராமல் இருவரையும் உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் ராஜமாணிக்கத்தின் மனைவி தில்லையம்மாள். ஒவ்வொரு தவணைக்கும் வந்தவர்தான். ‘கேஸில் உங்கள் பேர் இல்லை, வெளியே இருங்கம்மா’ என்று முதல் நாளே சொல்லிவிட்ட மேதை நான்.

“இன்னும் எவ்ளோ நாளு சார் இதுங்களோட மல்லுக்கட்டுவீங்க? வேலியப் பிரிக்கிறேன்னு இவரு எங்கிட்ட சொல்றாரு. சுத்திக்கிட்டுப் போறேன்னு அண்ணன் போன்ல அழுவுது. வெளிய சொல்லக் கூடாதுன்னு ரெண்டும் எங்கிட்ட சத்தியம் வாங்கிடுச்சு.”

“ஐயோ, அப்ப நீங்களும் சொல்ல முடியாதா?”

“சத்தியமாவது ஒண்ணாவது! எம் பொண்ணு கல்யாணம் சார்!”

உள்ளே போனார். நான் தடுக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

“ஏங்க, வேலியப் பிரிக்கிறேன்னீங்களே, சொல்லுங்க. அண்ணே, சுத்திக்கிட்டுப் போறேன்னு நீ அழுததச் சொல்லவா?”

இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சுத்திக்கிட்டு எதுக்குப் போறீங்க மச்சான்? நான் பிரிச்சிடறேன்.”

“வேணாம் மச்சான், புது வேலி. இருக்கட்டும்.”

“பிரிக்கிறேங்கிறேன்ல!”

“வேணாங்கிறேன்ல!”

குரல் ஏறியது. இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். “சார், அவுங்கள...”

“நேரா பேசுங்கய்யா!” கத்திவிட்டேன். கத்தக் கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் பாடம்.

தில்லையம்மாள் தவணை தவணையாகச் சுமந்து வந்த கல்யாணப் பத்திரிகையை, வெற்றிலை பாக்கு மஞ்சளோடு பையிலிருந்து எடுத்துப் புருஷனிடம் கொடுத்தார். தட்டு இல்லை. ராஜமாணிக்கம் என் மேசையிலிருந்த அப்பீல் காகிதக் கட்டை எடுத்து, அதன்மேல் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பத்திரிகை வைத்து நீட்டினார். கலியமூர்த்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

அந்தக் கட்டையே, வேலியைப் பிரிப்பதாக இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு கோர்ட்டுக்கு அனுப்பினேன். அட்டையில் என்ன சார் மஞ்சள் கறை என்று கேட்டார்கள்.

சொல்லக் கூடாது என்றேன்.