உள்ளே விட்டுக் கட்டிய வீடுகள்

வேட்புமனு தாக்கல் செய்வதற்கு ஒன்பது நாள் முன்பு, ஏழாவது வார்டுத் தையல்காரி தன் வீட்டுச் சமையலறைச் சுவரின் தையலைப் பிரித்து, அறையின் அகலத்தை இரண்டே கால் அடி கூட்டினார். அன்று செவ்வாய்க்கிழமை, வெயில் சுமார்தான். முப்பது வருஷமாக எதையும் அங்குலக் கணக்கிலேயே பேசி வந்ததால், தெரு அவரை அங்குலம் அக்கா என்றே கூப்பிட்டது. ஓர் அறையும் சமையலறையும் கொண்ட அந்த வீட்டில் அக்கா, ஏழு மாத வயிற்றோடு மகள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மாப்பிள்ளை, தையல் மெஷின் என்று நாலு பேர் இருந்தார்கள். தொட்டில் கட்ட இடமில்லை. அலமாரிக்குப் பின்னால் விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தபோது, சுவர் மூலையில் நூல் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. பிசிறு தெரிந்தால் தையல்காரிக்குக் கை சும்மா இருக்குமா? இழுத்தார். உள்ளே மடித்து விட்டிருந்த சுவர், பழைய சுண்ணாம்பு வாசனையோடு விரிந்து கொடுத்தது. பக்கத்து வீட்டிலோ தெருவிலோ ஓர் அங்குலம் குறையவில்லை. தொட்டிலுக்கு இன்னும் மூன்றடி வேண்டியிருந்தது; ஆனால் அந்த வீட்டின் மடிப்பு அவ்வளவுதான்.

அந்த வருஷம் மாநகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. இருநூறு சதுர அடிக்குக் குறைந்த வீடெல்லாம் குடியிருக்க லாயக்கில்லாதது. அவற்றை இடித்துவிட்டு, ஆட்களைக் கடைசி பஸ் நிறுத்தத்துக்கும் அப்பால் எழும்பியிருந்த பதினாலு மாடிக் கட்டடங்களுக்கு மாற்ற வேண்டும். அவற்றைக் கட்டிய கான்டிராக்டரே ஏழாவது வார்டுத் தேர்தலிலும் நின்றார். பதினாலு மாடி என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும். மாப்பிள்ளை அங்கே ஒரு வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தார். தேர்தலுக்கு மறுநாளுக்குள் வீடு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். அவர்கள் போய்விட்டால் பேரப்பிள்ளையை வாரம் ஒருமுறை, அதுவும் இரண்டு பஸ் மாறித்தான் பார்க்க முடியும். அதை நினைத்தாலே அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளிடம் போகாதே என்று சொல்ல வாய் வராமல், கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

பிரசாரத்துக்கு அவரிடம் கொடியும் இல்லை, ஜீப்பும் இல்லை. தையல் பிரிக்கும் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு வீடு வீடாகப் போனார். சலவைக்காரர் வீட்டில் ஒன்றரை அடி வந்தது. இரட்டைப் பிள்ளைக்காரி வீட்டில் நாலு அடியும், யாரும் கேட்காமலே ஒரு ஜன்னலும் வந்தன. "வீடுன்னா உள்ள கொஞ்சம் விட்டுக் கட்டணும். புள்ள பொறக்கும், மருமக வருவா, போனவங்க திரும்பி வருவாங்க. வளர்ற புள்ளைக்கு யாராவது அளவெடுத்த மாதிரியே தைப்பாங்களா?" என்பார். வீட்டு வசதி பற்றி அவருடைய கொள்கை மொத்தமும் அவ்வளவே. அளந்து பார்க்க வந்த மாநகராட்சி எஞ்சினியர் டேப்பை மூன்று தடவை நீட்டிவிட்டு, அளவு சரி என்று எழுதிக்கொண்டார். அப்படியே தன் வீட்டு விலாசத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவில் அக்கா கதவு தட்டாத வீடு ஒன்றே ஒன்றுதான்: சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீடு. அங்கே தனியாக இருந்தவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். பதினோரு வருஷம் முன்பு அக்கா தைத்த கோட்டில் இரண்டு கையும் ஒன்றரை அங்குலம் குட்டை. கேட்கப் போனவரிடம், உங்கள் கைதான் வளர்ந்துவிட்டது என்று அக்கா சாதித்துவிட்டார். அன்றிலிருந்து மனிதர் கொளுத்தும் வெயிலிலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மணிக்கட்டு தெரியத் தெருவில் நடந்தார். பேச்சுவார்த்தை கிடையாது.

தேர்தலுக்கு நாலு நாள் இருக்கையில் பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு வேட்பாளர்களும் பேசினார்கள். அக்கா எழுந்து, பதினாலு மாடியையும் ஏறி இறங்கித் தடவிப் பார்த்தேன், எந்தச் சுவரிலும் ஒரு நூல்கூட உள்ளே விடவில்லை என்றார். மண்டபம் கைதட்டியது. பதினாலு மாடி சிரித்தபடி முன்வரிசையில் இருந்த கோட்டுக்காரரைக் காட்டினார். "அந்தக் கோட்டுல எவ்ளோ விட்டீங்கம்மா?" கைதட்டல் சட்டென்று நின்றது. ஜெயிப்பதும் போச்சு, மகளும் போச்சு என்று அக்கா நினைத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்தார். "அவர் கை வளரல. நான்தான் கொறச்சு வெட்டிட்டேன். உள்ள விடவும் இல்ல, அதான் பிரிச்சுத் தைக்கவும் வழியில்லாமப் போச்சு. வெக்கத்துல பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே." சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். கோட்டுக்காரர் எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலை கோட்டில்லாமல், வெறும் சட்டையோடு அவர் வந்து கதவைத் தட்டினார். "ஓட்டு உங்களுக்குக் கெடையாது. அது வேற விஷயம். பொதுச் சுவத்துல என் பக்கத்து மடிப்பு அப்படியே கெடக்கு, ஒத்த ஆளுக்கு எதுக்கு? தொட்டிலுக்கு எடுத்துக்கங்க." அக்கா ஊசியை எடுத்தார். மூன்றரை அடி வந்தது. மாப்பிள்ளை உத்தரத்தில் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். மகள் அந்த இடத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மாப்பிள்ளை செல்போனை எடுத்து, பதினாலு மாடியில் வீடு வேண்டாம் என்று சொன்னார். தேர்தலுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அக்கா ஒப்பாரி போலச் சத்தம் போட்டுச் சிரித்ததில் மெஷினிலிருந்து நூல்கண்டு உருண்டு தெருவுக்கே போய்விட்டது.

அவர் முந்நூற்றுப் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். பேத்தி பிறந்தாள். புதுக் கட்டடம் எதுவானாலும் சுவருக்குள் மூன்றடி மடித்து விட வேண்டும் என்று மாநகராட்சி விதி போட்டது. பதினாலு மாடி முணுமுணுத்துக்கொண்டே தன் அடுத்த கட்டடத்தில் மூன்றரை விட்டார். மடிப்புப் பிரிக்கத் தனி விண்ணப்பப் படிவமும் வந்தது. பேத்திக்கு ஐந்தாம் மாதம் நடக்கையில், பக்கத்து வீட்டிலிருந்து முறைப்படி ஒரு மனு வந்தது: "பொதுச் சுவரின் தையல் என் பக்கம் இறுக்கமாக உள்ளது. குழந்தை அழுவது கேட்கிறது, சிரிப்பது கேட்கவில்லை. ஆவன செய்யவும்." கவுன்சிலர் படித்துப் பார்த்து, நியாயமான குறை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை நேரில் போய் நாலு தையல் தளர்த்திவிட்டு வந்தார். இப்போது இரண்டும் கேட்கிறது.