வெள்ளை கட்டிய கூரை

ஞாயிறு பின்னேர வேலை முடிந்து இன்னாசித்தம்பி வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவாகியிருந்தது; டென்மார்க்கின் சில்க்போர்க் நகரம் அடங்கிக் கிடந்தது. மகள் அபிதா மட்டும் குசினி மேசையில் விழித்திருந்தாள், விளக்குக்கூடப் போடாமல்.

"என்ன பிள்ளை, பேயடிச்ச மாதிரி இருக்கிறாய்? நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

"இருக்கு."

"பிறகென்ன? கொம்மா கண்டால் எனக்கெல்லே பூசை நடக்கும்." சிரித்துக்கொண்டே புட்டுக் கோப்பையைச் சூடாக்க வைத்தார். "கொஞ்சம் பொறுத்து, ஊரில விடியிற நேரம், மேரிகிறேஸ் ரீச்சருக்குக் கோல் எடுக்கோணும். கூரை வேலையைத் தொடங்கச் சொல்லிப்போட்டன். மழைக்கு முந்தி முடிக்கோணும்."

அபிதா நிமிர்ந்து பார்த்தாள். வியாழக்கிழமை முதல் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த செய்தியை இனி மறைக்க முடியாது.

இலங்கையின் மன்னாரில் காட்டோரமாக ஒரு கிராமம். அங்கே அப்பா படித்த சின்னப் பள்ளிக்கூடம். ஓடெல்லாம் உடைந்து, மழை வந்தால் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே மூலையில் ஒண்டிக்கொள்வார்கள். மேரிகிறேஸ்தான் அதன் அதிபர், தலைமையாசிரியை. கூரைக்கு உதவி தேடி அரைப் பனிக்காலம் கணினியைக் கட்டிக்கொண்டு அழுதவள் அபிதா. ஒரு நிதியம் டென்மார்க்குக்குள் மட்டும்தான் என்றது. இன்னொன்று விளையாட்டுத் திடல் என்றால் தருவோம் என்றது. கடைசியில் கிராமப் பள்ளிக்கூடங்களுக்கென்றே இருந்த ஒரு சின்ன நிதியம், பள்ளியை ஒருமுறை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றது. அங்கிருந்து கிறிஸ்டன் என்ற பெண்மணி திரையில் வந்தாள். நடுவில் இருந்து மொழிபெயர்த்தவளும் அபிதாதான்.

விருந்தாளி வருகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? வருவது திரைக்குள்தான் என்றாலும் விருந்தாளி விருந்தாளிதானே. கலியாண வீட்டுக்குக் கட்டுவதுபோல வகுப்பறை மேலெங்கும் வெள்ளைச் சீலை கட்டி, தோரணம் தூக்கி, பிள்ளைகளுக்குப் பூமாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஓடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"எவ்வளவு வடிவு!" என்றாள் கிறிஸ்டன். "உங்களுக்கு என்ன தேவை?"

மேரிகிறேஸ் கைகூப்பினார். "நீங்கள் எங்களை நினைச்சதே போதும். ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லுங்கோ பிள்ளை."

வீடு தேடி வந்தவரிடம் முகத்துக்கு நேரே கேட்பது மரியாதையில்லை என்று அபிதாவுக்குத் தெரியும். கிறிஸ்டனுக்குத் தெரியாது. 'அந்த வெள்ளையை ஒருக்கால் விலக்கிக் காட்டுங்கோ ரீச்சர்' என்ற ஒரு வசனம் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். வகுப்பில் 'ஏழைப் பிள்ளைகளுக்கு' என்று காசு சேர்க்கும்போதெல்லாம் தலை குனிந்து இருந்தவள். அப்பாவின் ஊரைப் பார்த்து ஒரு டெனிஷ்காரி வடிவு என்று சொன்னதைக் கலைக்க மனம் வரவில்லை. ரீச்சர் சொன்னதை அப்படியே டெனிஷில் சொல்லிவிட்டு இருந்தாள்.

அன்றிரவு அப்பாவிடமும், "வடிவாயிருக்கெண்டவ" என்று மட்டும் சொன்னாள். அவர் அந்த ஒரு சொல்லை வைத்தே மனதுக்குள் கூரை போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நின்றபோது கிறிஸ்டன் தொலைபேசியில் அழைத்தாள். குரல் அன்பாகத்தான் இருந்தது. பள்ளி நல்ல நிலையில் இருப்பதைக் கண்டு சந்தோஷம். இதைவிட மோசமான பள்ளிகள் எத்தனையோ காத்திருக்கின்றன; இந்த வருடக் காசை அவற்றுக்கே கொடுத்துவிட்டார்களாம். அபிதா நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"அப்பா..." என்று தொடங்கினாள். பயத்தில் எல்லாம் டெனிஷில் கொட்டியது.

"மெல்ல, மெல்ல. தமிழில சொல்லு."

தமிழில் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. அழுதழுது சொல்லி முடித்தபோது புட்டு ஆறிப்போயிருந்தது. இன்னாசித்தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே அம்மா," என்றார்.

அங்கே விடியப்போகிற நேரம். அவர் ரீச்சரின் எண்ணை அழுத்தினார்.

"தம்பி! நானே எடுக்க இருந்தனான்." மேரிகிறேஸின் குரலில் ஒரே உற்சாகம். "நேற்றுப் பூசை முடிஞ்ச கையோட ஊர்ச்சனம் முழுக்க வந்து ஓடெல்லாம் இறக்கிப்போட்டுதுகள். மரமெல்லாம் உளுத்துப்போய்க் கிடந்தது, அதையும் கழட்டியாச்சு."

இன்னாசித்தம்பி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, காசு வராது என்பதைச் சொன்னார். மறுபக்கம் சேவல் ஒன்று கூவியது.

"அதுக்கென்ன தம்பி," என்றார் மேரிகிறேஸ். "ஒரு குறையும் இல்லை. பிள்ளையை ஏசாதேங்கோ."

அதே வசனம். அபிதா அப்பாவின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள்.

"ரீச்சர், நான் அபிதா. மழை வந்தால் பிள்ளையள் எங்க இருப்பினம்?"

"தெரியேல்லைப் பிள்ளை," என்றார். அந்தக் குரலை அபிதா இதுவரை கேட்டதில்லை. "இப்ப வெயிலுக்கு அந்த வெள்ளையைத்தான் திரும்ப மேல கட்டியிருக்கிறம்."

அபிதா அதை மனதுக்குள் டெனிஷில் ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு சொல்லும் தவறவில்லை. கேட்கத்தான் ஆளில்லை.